துடைத்த நெற்றி

காணாமல் போனவள் வரைந்த படம் அவ்வளவு அழகாக இருந்தது. பிரச்சினையே அதுதான்.

தன் வீட்டுக் கூடத்தில் வெற்றிவேல் நீட்டிய செல்போனை ஜெபின் வாங்கிப் பார்த்தான். திரையில் ஒரு வயதான அம்மாள். மூக்குத்தி மின்ன, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு, யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'வினிதா வரைகலை' என்று அந்த இணையப் பக்கத்தின் பெயர். முந்தின நாள் காலையில்தான் போட்டிருந்தது.

"இது நேத்து போட்டது. உங்க மிஸஸ் எப்ப சார் காணாம போனாங்க?"

"போன ஐப்பசி மழையில. இப்ப ஆனி ஆவுது," என்றான் வெற்றிவேல். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வெற்றிவேலுக்குச் சேலையூரில் மூன்று மாடி வீடு. பாட்டன் நெல் போட்ட நிலமெல்லாம் பிளாட்டாகி, அந்தப் புண்ணியத்தில் வாடகையிலேயே வண்டி ஓடுகிறது. கீழே இரண்டு மாடியிலும் குடித்தனக்காரர்கள், மேலே இவன் ஒருத்தன். மனைவி வினிதாவுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை. அது முடிந்து வீட்டுக்கு வந்தால் டேப் என்கிற தொடுதிரைப் பலகையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இறந்துபோனவர்களின் மங்கிய போட்டோவோ, கிழிந்த போட்டோவோ, கல்யாணக் கூட்டத்தில் தலை மட்டும் தெரிகிற போட்டோவோ, எது அனுப்பினாலும் சரி. டேப்பில் புதிதாக வரைந்து, பதினாறாம் நாள் படத்திறப்புக்கு மாலை போடத் தயாராகக் கொடுத்துவிடுவாள். தாம்பரம் சுற்று வட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால் பந்தலுக்குச் சொல்கிற கையோடு வினிதாவுக்கும் சொல்லுமளவுக்கு அந்த உபதொழில் வளர்ந்திருந்தது.

"பொணத்து மூஞ்சிய வரைஞ்சு சம்பாதிக்கணும்னு எங்க வூட்டு மருமகளுக்கு இன்னா தலையெழுத்து? எத்தினி தபா சொல்லியிருப்பேன்!" வெற்றிவேல் பல்லைக் கடித்தான். பிறகு குரலை இறக்கினான். "அது போவட்டும் மேடம். அவ உசுரோட கீறாளா? இல்லனா இத வரையறது யாரு? எனக்கு அது தெரிஞ்சாவணும். ராத்திரில தூக்கம் இல்ல."

அவன் மேடம் என்றது அபிதகுஜாம்பாளை. நெற்றியில் விபூதிக் கீற்று, கையில் குடை, காலில் கேன்வாஸ் ஷூ. பார்த்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்க வந்தவள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வருஷக்கணக்காக ஒரே வேலை பார்த்தவள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே செத்தார்களா என்று பார்த்துச் சொல்வது. அந்த அனுபவத்தோடு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ஜெபின் அங்கே உதவியாளன், டிரைவர், டீ வாங்குபவன், வாய் ஓயாதவன்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"ஓடிப் போய்ட்டானு சிரிக்கிறாங்க மேடம். நானே ஒரு நாள் அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டேன், யாரு நீன்னு. அந்த செகண்டே பதில் வந்துச்சு." போனை மறுபடி தடவிக் காட்டினான்.

'வணக்கம். யாருடைய படம் வேண்டும்? எந்தத் தேதிக்கு வேண்டும்?'

ஜெபினுக்குச் சிரிப்பு பீறிட்டது. "சார், அது ஆட்டோ ரிப்ளை. யார் மெசேஜ் போட்டாலும் அதான் வரும். உங்க தேதிய கேக்கல."

வெற்றிவேல் சிரிக்கவில்லை.

வினிதா உட்கார்ந்து வரைந்த அறையைத் திறந்துவிட்டு அவன் வாசற்படிக்கு வெளியேயே நின்றுகொண்டான். உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. சாவி ஒன்றே ஒன்றுதான், அது தன் இடுப்பிலேயே இருக்கிறது, வேறு யாரும் இந்த அறைக்குள் வருவதில்லை என்றான்.

மாதக்கணக்கில் பெருக்காத அறை. மேஜை, நாற்காலி, சுவரில் வினிதாவின் போட்டோ, எல்லாவற்றின் மேலும் தூசி. டேப் அங்கே இல்லை. அவள் போகும்போது எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று வெற்றிவேல் வெளியிலிருந்தே சொன்னான். ஜெபின் தரையைப் பார்த்தான். கதவிலிருந்து போட்டோ மாட்டிய சுவர் வரைக்கும் தூசியில் ஒற்றையடிப் பாதை ஒன்று போயிருந்தது. பிறகு போட்டோவைப் பார்த்தவன் மேடத்தின் காதருகே குனிந்தான்.

"மேடம், சார் வெளியில வீராப்பு காட்றாரு, உள்ள வந்து போட்டோவுக்கு முத்தம் குடுக்கிறாரு போல. கண்ணாடி முழுக்க தூசி, நெத்தில மட்டும் பளிச்சுனு கீது பாருங்க."

உண்மைதான். வினிதாவின் நெற்றி இருந்த இடத்தில் மட்டும் விரலகலத்துக்கு ஒரு சுத்தமான வட்டம். அபிதகுஜாம்பாள் கிட்டே போனாள். மூக்கைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதை ஜெபின் கவனித்தான். அந்த நிமிஷத்தில் அந்த அறையில் நிற்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. போட்டோவில் இருந்தவள் மேடத்தைத் தாண்டித் தன்னையே பார்ப்பதாகப் பட்டது. "போலாம் மேடம்," என்று குடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிட்டான்.

மூக்குத்தி அம்மாளின் படத்துக்குக் கீழே ஒரே ஒருத்தி நன்றி எழுதியிருந்தாள். சரசு, கேம்ப் ரோடு. ஒரு தையல் கடையில் விசாரித்ததும் வீடு கிடைத்துவிட்டது. மாலை, ஊதுபத்தி, எதிரே ஒரு சொம்புத் தண்ணீர் என்று படம் சுவரில் இருந்தது. இறந்தது சரசுவின் அம்மா.

"அம்மா அப்டியே கீறாங்க மேடம், அதுல குத்தமே சொல்ல முடியாது," என்றாள் சரசு. "ஆனா ஒரு மனக்குறை. இப்டி பக்கவாட்டுல வந்து நின்னு பாருங்க."

ஜெபின் பக்கவாட்டில் போய் நின்றான். அம்மாளின் நெற்றியில் இரண்டு பொட்டு தெரிந்தது. ஒன்று படத்திலேயே வரைந்த குங்குமம். இன்னொன்று கண்ணாடியின் மேல் வைத்த சந்தனம். நேரே பார்த்தால் ஒன்றாகத் தெரிந்தது, நகர்ந்தால் இரண்டாகப் பிரிந்தது.

"எங்க சித்தப்பா படத்தையும் இந்தப் பொண்ணுதான் வரைஞ்சுச்சு, போன வருசம். போட்டோல பட்டையா இருந்த திருநீற கூட அழிச்சுட்டு நெத்திய காலியா வுட்டு குடுத்துச்சு. மொத பொட்டு நீங்கதான் வெக்கணும்னு சொல்லுச்சு. படத்திறப்பு அன்னிக்கு எங்க மாமா கண்ணாடில சந்தனம் வெச்சாரு பாருங்க, ஐயோ, மனுசன் எழுந்து வந்த மாதிரி ஆயிடுச்சு, அத்தினி பேரும் அழுதோம். இந்த தபா ஏன் இப்டி பண்ணுச்சோ தெரியல."

"படத்தை எங்கே போய் வாங்கினீங்க?"

"குரோம்பேட்டைல கிறிஸ்டினான்னு ஒரு பொண்ணு ஃப்ரேம் கடை வெச்சிருக்குது. அங்க ரெடியா இருக்கும்னு மெசேஜ் வந்துச்சு."

வெளியே வந்ததும் ஸ்கூட்டரின் பின்னால் ஏறாமல் அபிதகுஜாம்பாள் நின்றாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துவிட்டுப் போனது.

"காலையில அந்தப் படத்தைப் போன்ல பாத்தியே. என்ன தோணிச்சு?"

"சூப்பரா இருந்துச்சு. பொட்டு கூட அழகா இருந்துச்சு."

"தப்பா ஒண்ணும் தோணலையா?"

"இல்லையே மேடம்."

"உங்க வீட்டுல தாத்தா படத்துக்கு யாராவது பொட்டு வெப்பீங்களா?"

"எங்க வூட்லயா? சீரியல் லைட்டு போடுவோம். ஈஸ்டருக்கு ஒரு ரோஜாப்பூ. அவ்ளோதான்."

"அதான் உன் கண்ணுல படல. வரைஞ்சவ கண்ணுலயும் படல." அவள் குடையை விரித்தாள். "வினிதா நெத்தியைத் தொட மாட்டா. அதை வீட்டுக்காரங்களுக்குன்னு விட்டு வெப்பா. இது அவ கை இல்ல. கண்ணாடிக்கு மேல பொட்டு வெக்கிற பழக்கமே இல்லாத வீட்டுலேர்ந்து வந்த கை."

ஜெபினுக்கு வாய் துறுதுறுத்தது, ஏதாவது நக்கலாகச் சொல்ல. ஆனால் அடுத்த நொடி அதன் அர்த்தம் புரிந்தது. வரைவது வினிதா இல்லை என்றால், வினிதா எங்கே?

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு புரோட்டா கடைக்கும் பூஜைச் சாமான் கடைக்கும் நடுவில் அந்த ஃப்ரேம் கடை. சுவர் முழுக்கத் தாத்தாக்கள், பாட்டிகள், கோட்டு போட்ட யாரோ. மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போயிற்று. எமர்ஜென்ஸி விளக்கின் வெளிச்சத்தில் அத்தனை முகங்களும் கடைக்குள் வந்தவர்களையே பார்த்தன. ஜெபின் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டான்.

கிறிஸ்டினா கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தாள். அபிதகுஜாம்பாள் சுற்றி வளைக்கவில்லை.

"டேப் எங்கேம்மா?"

கண்ணாடி அறுக்கும் கை நின்றது. பொய் சொல்லத் தெரியாத முகம். "அவர் அனுப்பினாரா உங்கள?" என்றாள்.

"ஆமா. ஆனா அவர்கிட்ட இன்னும் எதுவும் சொல்லல."

கிறிஸ்டினா கல்லாவுக்குக் கீழே பைபிளுக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தாள். கூடவே வாயும் திறந்துகொண்டது.

"அன்னிக்கு சாயந்திரம் மழையில நனைஞ்சுகினு வந்தா. வூட்ல வெச்சா அவரு உடைச்சுடுவாரு, நீ வெச்சுக்கோ, காலைல வந்து வாங்கிக்கிறேன்னா. வர மாசத்துலேர்ந்து தனியா வீடு பாத்து போறேன், அதுக்கு இந்த டேப் போதும்டின்னு சிரிச்சுட்டு போனா. காலைல வரவே இல்ல மேடம். ஸ்டேஷன்ல போய் சொன்னேன். நீ யாரும்மா அவளுக்குன்னு கேட்டாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவ பாட்டுக்கு காணாம போய்டுவா, அவரு பாட்டுக்கு நிம்மதியா சாப்ட்டு தூங்குவாரா? வயிறு எரிஞ்சுது எனக்கு. ஒவ்வொரு படத்தையும் முதல் கோட்டுலேர்ந்து கடைசி கோடு வரைக்கும் இந்த டேப் வீடியோவா பிடிச்சு வெச்சிருக்கு. அத போட்டு போட்டு பாத்தே அவள மாதிரி வரைய கத்துக்கினேன். பக்கத்த நிறுத்த கூடாது. அவ பாத்துகினே இருக்கான்னு அவரு பயப்படணும். அப்புறம்..."

"அப்புறம்?"

"அவ எங்கயாவது உசுரோட இருந்தா, இத பாத்துட்டு ஒரு போன் பண்ணுவால்ல மேடம்?"

அவள் மாதக்கணக்காகக் காத்திருப்பது அந்த ஒரு போனுக்காகத்தான். பாவி மனுஷி, வரைந்து வரைந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நெத்தியைக் காலியா விடணும்னு உனக்குத் தெரியலையாம்மா?"

"அவ வரைஞ்ச எல்லாத்துலயும் காலியா இருந்துச்சு. இவ பொட்டு வரைய மறந்துட்டாளேன்னு நான் வரையறப்ப சேத்தேன். தப்பா?"

"செத்தவங்க படத்துல முதல் பொட்டை வீட்டுக்காரங்க கண்ணாடி மேல வெப்பாங்கம்மா," என்ற அபிதகுஜாம்பாள் டேப்பில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் விரல் நின்றது. வினிதாவே வரைந்த வினிதா. கொஞ்சம் குறும்பு, கொஞ்சம் களைப்பு. நெற்றி வெறுமையாக இருந்தது.

"என்னை வேற யாரு வரைஞ்சாலும் கெடுத்துடுவாங்க, நானே வரைஞ்சு வெச்சுட்டேன்னு தமாஷ் பண்ணுவா," என்றாள் கிறிஸ்டினா.

"இதைப் பிரிண்ட் போட்டு வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன். ஃப்ரேம் போட மனசு வரல."

"இப்பப் போடு." அபிதகுஜாம்பாள் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். இரண்டு தரம் பேசினாள். மழை இரைச்சலில் ஜெபினின் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுந்தது. "வெற்றிவேல் சார், படம் வரையறவங்க கிடைச்சுட்டாங்க. குரோம்பேட்டைக்கு வாங்க."

ஜெபின் பதறிப் போனான். "மேடம், ஆடு இங்க கட்டியிருக்குதுன்னு நாமளே புலிக்கு ஆள் அனுப்புறோமே! இந்தக்கா கதி இன்னா ஆவறது?"

"பக்கத்துக் கடையில போய் ஒரு சந்தன வில்லை வாங்கிட்டு வா. பேச்சைக் குறை."

அவன் சந்தனத்தோடு திரும்பியபோது கடையில் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரமான அம்மாள். கல்யாண போட்டோவுக்கு எந்தச் சட்டம் எடுப்பாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அவசரத்தில் இது வேறா என்று ஜெபினுக்கு எரிச்சலாக வந்தது.

வெற்றிவேல் கார் சத்தம் கேட்டது. குடை கூடப் பிடிக்காமல் இறங்கி ஓடி வந்தான். "யாரு மேடம்? யாரு அது?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் கால் வைத்தவன் கல்லா மேல் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தான். புதுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வினிதா அவனைப் பார்த்தாள்.

அபிதகுஜாம்பாள் கல்லா அருகே போனாள். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்தாள். மோதிர விரலால் தொட்டாள். படத்தின் கண்ணாடியில், அந்த வெறும் நெற்றியில், நிதானமாகப் பொட்டு வைத்தாள்.

"வெக்காதீங்க!" கிறிஸ்டினா பாய்ந்து வந்து மேடத்தின் கையைப் பிடித்துவிட்டாள். "செத்தவங்களுக்குத்தான அது? அவ சாவல! யாரும் பாக்கல! யார் சொன்னது அவ செத்துட்டான்னு?"

அந்தக் கூச்சலில் எல்லோரும் கிறிஸ்டினாவைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் ஜெபின் கண் தற்செயலாகக் கீழே போயிற்று. வெற்றிவேல் நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தான். வெறுங்காலோடு, தலையைக் குனிந்து, படத்தைப் பார்த்து இரண்டு கையும் கூப்பி நின்றான். அப்படி நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"வெற்றிவேல் சார்," என்றாள் அபிதகுஜாம்பாள் மெதுவாக. "செருப்பை ஏன் கழட்டினீங்க?"

அவன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான்.

"பெண்டாட்டி காணாமப் போன எந்த வீட்டுலயாவது அவ படத்துக்குப் பொட்டு வெக்க விடுவாங்களா? வெச்சவ கையை உடைப்பாங்க. பழக்கமே தெரியாத இந்தப் பொண்ணு அதைத்தான் பண்ணினா. நீங்க கும்பிடறீங்க. உங்களுக்கு இது தினம் செய்யற வேலை. வீட்டுல, தூசி படிஞ்ச போட்டோவுல, நெத்தியில மட்டும் சுத்தமான வட்டம். மோந்து பாத்தேன், சந்தனம். நாங்க வர்றோம்னு அவசரமாத் துடைச்சிருக்கீங்க. அவ செத்துட்டான்னு அவ்வளவு நிச்சயமா உங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

வெற்றிவேல் வாசல் பக்கம் திரும்பினான். வாசலை அடைத்துக்கொண்டு உயரமான அம்மாள் நின்றாள். கல்யாணச் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அடையாள அட்டையை எடுத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் ஹேமாவதி. மேடத்தின் முதல் போன் யாருக்கு என்று ஜெபினுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெற்றிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகையும் உளறலுமாக வந்தது. டேப்பை எங்கேடி ஒளிச்சேன்னு கேட்டானாம். அவள் சொல்லவில்லையாம். காரில் ஏற்றிக்கொண்டு போனானாம். ஊருக்கு வெளியே ஒரு மலைக்குப் பின்னால் பழைய கல்குவாரிக் குட்டை, மழைத் தண்ணீர் விளிம்பு வரை. கோபத்தில் ஒரு தள்ளுதான். அவளுக்கு நீச்சல் தெரியாது.

கிறிஸ்டினா டேப்பை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இனி அந்த போன் வராது.

"பயமா இருந்துச்சு மேடம்," என்றான் வெற்றிவேல். "போன்ல அவ பக்கத்துல படம் வர ஆரம்பிச்சதும் சாந்தி ஆவட்டும்னுதான் சாயங்காலத்துல கண்ண மூடிகினு உள்ள போய் பொட்டு வெச்சுட்டு ஓடியாந்துடுவேன்." மேல்மூச்சு வாங்கியது. அபிதகுஜாம்பாளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க சொன்னதுல ஒண்ணு மட்டும் தப்பு மேடம். வெச்சது நான். தொடைச்சது நான் இல்ல. தெனமும் வெப்பேன். பூட்டி சாவிய இடுப்புல சொருவிப்பேன். விடிஞ்சு பாத்தா நெத்தி காலியா கீது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஹேமாவதி அவன் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகும் ஜெபின் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மேடம், பல்லி எதுனா நக்கியிருக்குமா?" என்றான். அவனுக்கே அது எடுபடவில்லை. "அப்ப யார் மேடம் தொடைச்சது?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் அபிதகுஜாம்பாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் அவள் சொன்ன பதில் ஒன்று கூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை என்பார்கள்.

"தெரியலடா," என்றாள். "அவளுக்கு இன்னும் காரியம் எதுவும் நடக்கல. தண்ணியிலேர்ந்து எடுக்கணும். முறையாச் செய்யணும். அதுக்கப்புறம் மனுஷங்க வெக்க வேண்டிய பொட்டு அது. கொன்னவன் வெச்சா ஏத்துப்பாளா?"

கிறிஸ்டினா தலையைத் தூக்கினாள். "நீங்க வெச்சது?"

அபிதகுஜாம்பாள் படத்தின் பக்கம் திரும்பினாள். கல்லா மேல் வினிதா இருந்தாள். நெற்றியில் சந்தனம் காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது.

ஜெபின் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். கிட்டே போய், "மன்னிச்சுக்கோங்கக்கா," என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தான். மஞ்சள் கறை போகும்வரை துடைத்தான். பிறகு கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனான்.